பூட்ஸ்

ஏப்ரல் பிறந்தால்
எங்கள் வீட்டுக்கு நாள்காட்டி தேவையில்லை.
சவரிநாதனின் கைப்பேசியே சொல்லிவிடும்:
தெம்பனிஸில் கதவுநிலைக்குள் கறையான்,
பொங்கோலில் பால்டின்னுக்குள் எறும்பு,
சிராங்கூனில் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி,
ஓர் ஆன்ட்டி தொலைபேசியிலேயே அழுகிறார்.
மருந்துக் குடுவையை முதுகில் ஏற்றிக்கொண்டு
விடியுமுன் கிளம்பிவிடுவார் என் கணவர்.
கொன்றுவிட்டு வந்து,
குளித்த பிறகுதான் சோறு.

என் கறிவேப்பிலையை மட்டும் அவர் தொடக்கூடாது.

ஈசூன், நான்காம் மாடி, தாழ்வாரத்தில் ஆறு தொட்டி.
கறிவேப்பிலை இரண்டு, மிளகாய், பாண்டான், கற்றாழை,
பெயர் தெரியாத ஒன்று,
வீடு மாறிப்போன குவெக் விட்டுச்சென்றது.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும்
பழைய பல்துலக்கி, பாத்திரச் சோப்பு நுரை.
இலையைப் புரட்டிப் புரட்டி
வெள்ளைப் பஞ்சைத் தேய்த்தெடுப்பேன்.
"ஒரு தெளிப்பு. ஒரே தெளிப்பு" என்பார்.
"ரசத்துலயும் தெளிப்பீங்களா?"
உள்ளே போய்விடுவார்.

புதன்கிழமை மழைவிட்ட ஏழு மணிக்கு
ஈசல் வந்தது.
எதிர் புளோக்கில் ஒவ்வொரு சன்னலாய் இருண்டது.
யாரோ சீன மொழியில் திட்டினார்கள்,
யாரோ சிரித்தார்கள்.
இவர் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு
ஒரே ஒரு டார்ச்சின் கீழே
பேசின் நிறையத் தண்ணீர் வைத்தார்.
இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில்
இவ்வளவு நேரம் நாங்கள் தொலைக்காட்சி இல்லாமல் இருந்ததில்லை.
"இறகு அரைமணி நேரத்துக்குத்தான்" என்றார்.
"ஜோடி கிடைச்சா உதுத்துடும்."
"கிடைக்கலைன்னா?"
"பல்லி."
காலையில் பேசினில் அள்ளியதைக்
கறிவேப்பிலைக்கு உரமாய்ப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை, மின்தூக்கிக்குப் பக்கத்தில்
சிவப்புப் பதாகை கட்டிய மறுநாள்,
வாரியத்திலிருந்து ஓர் இளம்பெண்,
கையில் டார்ச், சட்டைப் பையில் சொட்டுக்குழாய்,
பெயரட்டையில் ஹஃபீஸா.
தொட்டித் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தாள். உலர்ந்திருந்தன.
துணிக்கழி செருகும் துளைகளுக்கு மூடி.
கழிவறை, வாளி, பூச்சாடி, எல்லாம் சுத்தம்.
நான் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன்.
"அக்கா, இது யாருடையது?"

செருப்பலமாரிக்குப் பின்னால், இவருடைய பழைய ரப்பர் பூட்ஸ்.
அடித்தோல் தேய்ந்ததென்று சனவரியில் கழற்றிப்போட்டது,
வீசலாம் வீசலாமென்று கிடந்தது.
வலப்பக்கத்து பூட்ஸில் சாய்மழை பெய்து
கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர்.
டார்ச் வெளிச்சத்தில்
தலைகீழாய்த் தொங்கின சின்னக் கொக்கிகள்.
அவள் நிழல் விழுந்ததும்
நெளிந்து நெளிந்து பெருவிரல் பக்கம் இறங்கின.

அந்த நேரம் பார்த்துத்தானா
அவர் வேலைச்சட்டை கழியில் காய வேண்டும்?
முதுகில் பெரிதாய்,
குறுக்குக்கோடு போட்ட கரப்பான்.
ஹஃபீஸா சட்டையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
உதட்டை மடித்துக்கொண்டு
படிவத்தில் குனிந்தாள்.
இருநூறு வெள்ளி. கடிதம் வரும்.

மாலையில் சொன்னேன்.
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
காலி பூட்ஸுக்குள் வெகுநேரம் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"எவ்வளவு நீளம் இருந்துச்சு?"
நகத்தைக் காட்டினேன்.
"நாலாம் பருவம். இன்னும் மூணு நாளில் பறந்திருக்கும்."
குரலில் என்ன இருந்ததென்று
இன்னும் யோசிக்கிறேன்.
"ஆபீஸுல சொல்லிடாதே."
உங்கள் ஆபீஸில் எனக்கு யாரைத் தெரியும்?

அப்போதுதான் வந்து உட்கார்ந்தது, அவர் முன்கையில்,
கால்களில் வெள்ளை வளையல்.
இருவரும் பார்த்தோம்.
ஆயிரம் வீட்டில் அடித்த கை
ஒரு நொடி தாமதித்தது, சத்தியமாய்.
பிறகு அடித்தார்.
உள்ளங்கையில் ஒரு சொட்டு.
என் ரத்தமா அவர் ரத்தமா,
இல்லை, இந்த நான்காம் மாடியில் யாருடையதோ.
கழுவப் போனார்.

மறுநாள் காலை
சட்டைக்குப் பக்கத்தில், அதே கழியில்,
தலைகீழாய்த் தொங்கின இரண்டு பூட்ஸும்.
இன்னும் வீசவில்லை.