அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்

வெளிநாட்டு வாசகருக்கென்று ஒரு பக்கம்,
ஞாயிறுதோறும், நான்கு வண்ணத்தில்.
கூட்டத்தில் முடிவாயிற்று.
தெற்குக் கோபுரம் முழுசாக வரணும் என்றார்
விளம்பரப் பிரிவு கனகவேல்.
பக்கத்தில் ஜிகர்தண்டா, டம்ளர் வேர்த்திருக்க வேண்டும்.
"பாத்ததும் அவன் அழுதுறணும்யா."
குறித்துக்கொண்டேன்.
டீ ஏடு கட்டியிருந்தது.

என் பக்கம் ஐந்து.
வைகை அணை நீர்மட்டம்,
மாட்டுத்தாவணியில் மல்லிகை கிலோ என்ன,
தொலைந்துபோன பத்திரங்கள்,
நாளைய மின்தடை.
பத்தொன்பது வருடத்தில் இந்தப் பக்கத்துக்கு
ஒரு தபால் அட்டைகூட வந்ததில்லை.

புதன் இரவு பன்னிரண்டேகால்.
போனில் ஒரு குரல், பின்னால் ஏசி இரைச்சல்.
"குவைத்துலருந்து மொக்கச்சாமி பேசுறேன் சார்.
சமயநல்லூர்.
கரண்ட் கட்டு போடுறது நீங்களா?"

நான்தான் என்றேன், திருடன்போல.

அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது.
அங்கே விடியுமுன் நாலரைக்குக் கம்பெனி பஸ்.
ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் பேப்பரைத் திறப்பான்.
முதல் பக்கம் தாண்டி, இரண்டு மூன்று தாண்டி,
நேராக ஐந்து.
தெருப்பெயர் இருந்தால் உடனே வீட்டுக்குப் போன்.
சார்ஜ் போட்டு வை.
மோட்டாரைப் போட்டுத் தொட்டிய நெப்பு.
இட்லிக்கு இப்பவே ஆட்டிரு.
அந்தத் தெருவில் இருப்பவளுக்குத் தெரியாததை
அத்தனை தூரத்திலிருந்து அவன் சொல்வான்.
"அதுல ஒரு கெத்து இருக்கு சார்."

பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தான்.

"இன்னைக்கு லிஸ்ட்டுல எங்க தெரு இல்ல.
எங்க டயத்துக்கு எட்டு மணியிலருந்து
அவ போன் அணைஞ்சு கெடக்கு.
ஒம்பதாவது மாசம் சார் அவளுக்கு.
பதினேழாவது மாடி, கயித்துல தொங்குறேன்,
ஒரே கண்ணாடியவே தொடச்சிக்கிட்டு இருந்திருக்கேன்.
சூப்பர்வைசர் கீழருந்து கத்துறான்.
ரெண்டரைக்கு எடுத்தா.
'கரண்ட்டு இல்லீங்க'ன்னா.
அவ்வளவுதான்.
திட்டக் கூப்பிடல. சும்மா சொல்லணும்னு தோணுச்சு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
மின்வாரியத் தாளைக் குப்பையில் தேடினேன்.
கடைசி வரி: வாய்க்கால் மேட்டுத் தெரு.
அட்சய திருதியை விளம்பரம் அரை சென்டிமீட்டர் இறங்கிவிட்டதால்
அந்த வரியை வெட்டியது நான்.
வெட்டிய இடத்தில் வழக்கம்போல் ஒட்டியதும் நான்:
மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்.

"அதையும் படிச்சேன் சார்.
சுற்றியுள்ளன்னா... எது வரைக்கும்?"

ஒரு நிமிஷம் என்றேன்.
தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது
போன் அறுந்திருந்தது.
திரும்ப அழைக்க, அந்தப் பழைய கருவியில்
எண் விழாது.

இரண்டு வரியில் திருத்தம் எழுதினேன்.
செய்தி ஆசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
"போயிட்டு வந்த கரண்ட்டுக்குத் திருத்தமா?"
கிழித்தது நானா அவரா, நினைவில்லை.

ஞாயிறு கோபுரம் நன்றாகவே வந்திருந்தது.
சிங்கப்பூரிலிருந்து ஒருவர்
கைகூப்பும் பொம்மைகள் ஆறு அனுப்பியிருந்தார்.
கனகவேல் அதை எல்லோருக்கும் காட்டினார்.

அடுத்த மின்தடைப் பட்டியலில் இருபத்து மூன்று தெரு.
இடம் போதவில்லை.
கனகாம்பரத்தை எடுத்தேன், அரளியை எடுத்தேன்,
மல்லிகையை மட்டும் ஒரு வரியில் நிறுத்தினேன்.
இருபத்து மூன்றும் உட்கார்ந்தன.
கடைசியில், கை பழக்கத்தில், அதே வாக்கியம்.
அழித்தேன்.
மணி இரண்டரை, பக்கம் அச்சுக்குப் போகிற நேரம்,
மறுபடி அடித்தேன்.
எது வரைக்கும் என்று எனக்குத் தெரியாது.

குவைத்தில் அப்போது பன்னிரண்டு.
பஸ் வர
இன்னும் நாலரை மணி நேரம்.