வண்ணம் தீட்டுக

மழை மாதத்தில் பூம்பாறைக்குக்
கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும்.
வந்ததும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவேன்,
மறுநாளைக்குப் பதினெட்டுத் தாள்.
அன்னையர் வாரமாம்.
கதைகளில் வரும் தாய்மாரை வரைந்து கொடுத்து
பிள்ளைகளை வண்ணம் தீட்டச் சொல்லுங்கள் என்று
வட்டார அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்.

திங்களன்று ஆறு கார்த்திகைப் பெண்கள்.
ஆறு தாமரை, ஆறு குழந்தை,
ஆறு பேருக்கும் ஒரே மூக்கு.
எனக்கு வரைய வருவது அந்த ஒன்றுதான்.
"இதுல யாரு டீச்சர் அவங்கம்மா?"
ஆறு பேரும்தான் என்றேன்.
"அப்ப ஆறு பேரும் திட்டுவாங்களா?"
கேட்ட கவினேஷ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை,
எல்லாருக்கும் ஸ்வெட்டர் போட்டுவிட்டான்.
பொய்கையில் குளிருமாம்.

செவ்வாய்க்கு ஒரு டிராகன்.
புராணத்தில் இல்லை, என் கற்பனை.
நெருப்பை மூக்குக்குள் அடக்கிக்கொண்டு
முட்டைக்கு இளஞ்சூடு மட்டும் கொடுப்பவள்.
மையத்தின் பச்சை க்ரேயான் முழுதும்
அவள் வாலிலேயே தீர்ந்துபோனது.

புதனுக்குப் பன்றி.

தாயை வேட்டைக்குக் கொடுத்த பன்னிரண்டு குட்டிகள்
காட்டில் பசித்துக் கத்த,
மதுரைச் சொக்கன் தாய்ப்பன்றியாகிப்
பக்கவாட்டில் சாய்ந்து படுத்த கதை.
அந்தக் குட்டிகள் வளர்ந்து மந்திரிகளானது வரை
சொல்கிறவர்கள் உண்டு.
நான் பாலோடு நிறுத்திக்கொள்வேன்.
வரைந்து முடித்து எண்ணினால்
காம்பு பதினொன்றுதான் இருந்தது.
வயிற்றைக் கொஞ்சம் நீட்டினேன்.

அப்போது மணி பதினொன்று.
மன்னவனூரில் ஏழு மாதத்து மகள்.
லீவு முடிந்து மூன்றாவது வாரம்.
அவள் அங்கே அழுவது
இத்தனை வளைவு தாண்டி
என் ரவிக்கைக்குள் கேட்கும்.
குளியலறையில் பிழிந்துவிடுவேன்.
ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால்
தரையில் வெள்ளை இருக்காது.

"பன்னியா?"
ருத்திகா தாளைத் தள்ளிவிட்டாள்.
"எங்க உருளக்கிழங்குக் காட்ட
உழுதுட்டுப் போயிருச்சு டீச்சர்."
அவள் அப்பா ராத்திரியெல்லாம்
டார்ச்சோடு பரணில் உட்கார்ந்திருப்பது
ஊருக்கே தெரியும்.
இன்னொருத்தி பன்றியைச் சுற்றிக்
கம்பிவேலி போட்டாள்.
குழந்தைவேல் அதன் வாயை மட்டும்
சிவப்பால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.
என்னடா அது?
"அவுட்டுக்காய் கடிச்சிருச்சு."
சொல்லிவிட்டுத் தேய்த்தான்.
தாள் கிழிந்தது.

"அப்ப குட்டிங்க?"
யார் கேட்டதென்று தெரியவில்லை.
சாமி வருவார், அதுதானே கதை என்றேன்.
"எந்தச் சாமி?"
"நம்ம சாமியா?"
"நம்ம சாமி கொழந்த டீச்சர்.
அவரே பால் குடிப்பாரே,
அவரு எப்பிடிக் குடுப்பாரு?"

பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.
கீழே கோயிலில் மணி அடித்தார்கள்,
அதுவும் உதவவில்லை.
முட்டை வேகவைத்த தண்ணீர்
அடுப்பில் வற்றிக்கொண்டிருந்தது.
அணைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது
ருத்திகா தள்ளிய தாளை இழுத்து
மேலே கவிழ்ந்து கிடந்தாள்.
பன்றிக்கு ஊதா.
முதுகு, காது, மூக்கு, எல்லாம் ஊதா.
என் ஸ்வெட்டரின் ஊதா.
வயிற்றருகே இரண்டு வட்டம் மட்டும்
அழுத்தி அழுத்திக் கருநீலம்.
இங்கே ஏன் வேற கலர் என்றேன்.

"நனஞ்சிருக்குல்ல,"
என்றாள், நிமிராமல்.

துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
பிறகு விட்டுவிட்டேன்.

நாலு மணி பஸ்ஸில்
தாளை மடிக்காமல் கொண்டுபோனேன்.
பக்கத்து சீட்டில் கேரட் மூட்டை,
ஜன்னல் முழுக்க மேகம்.
வீட்டில் மகள் ஒரு பக்கம் குடித்து முடித்து
மறுபக்கம் திரும்புகிற இடைவெளியில்
கையில் அகப்பட்டதை வாயில் வைத்தாள்.
ஒரு காதும் இரண்டு குட்டிகளும் போயின.

வியாழனுக்கு
இன்னும் எதுவும் வரையவில்லை.