ஆல்ட், பேக்ஸ்பேஸ்

முன்னால் உள்ள நிறத்துக்கு ஆல்ட், பேக்ஸ்பேஸ்.
பின்னால் உள்ளதற்கு கன்ட்ரோல், பேக்ஸ்பேஸ்.
டி தட்டினால் கறுப்பும் வெள்ளையும்,
எக்ஸ் தட்டினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.
மூஞ்சிக்கல் ஸ்டூடியோவில் சேர்ந்த வாரம்
டீத்தூள் அட்டையின் பின்புறம் எழுதி ஒட்டினேன்.
இப்போது அட்டை இல்லை,
கீபோர்டில் ஆல்ட் என்ற எழுத்தும் இல்லை.
விரலுக்குத் தெரியும்.

ஓனர் சவரிமுத்து இன்னமும் மவுஸைப் பிடித்து
வாளியைத்தான் கவிழ்ப்பார்.
வாளி கசியும்.
ஒருமுறை ஒரு வாத்தியாரின் நரைமீசை
பின்னணியோடு சேர்ந்து போய்விட்டது.

பாதி வேலை பாஸ்போர்ட் சைஸ்.
மன்னவனூரில் பூண்டை ஏற்றிவிட்டு வருகிறவர்
ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார், பரவாயில்லை,
பின்னால் வெள்ளை இருந்தால் போதும்:
இருநூற்று ஐம்பத்தைந்து, மூன்று தடவை.

மீதிப் பாதி தூண் பாறை.
அங்கே கேமராவோடு நிற்கும் அருமைநாதன்
மெமரி கார்டை வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புவான்.
குடும்பம் இருக்கும், பாறை இருக்காது.
இவ்வளவு செலவழித்து ஏறி வந்து
மஞ்சைப் பார்த்தோம் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்?
தை மாதத்துப் பாறை ஒன்று வைத்திருக்கிறேன், தெளிவாக.
நானூறு குடும்பங்களுக்குப் பின்னால்
அதே பாறை, அதே காக்கை.

பவுன்தாய் பாறை கேட்கவில்லை.
நிலக்கோட்டைக்காரி. போன சித்திரையில் எடுத்த படம்.
"இவனை எடுத்துடு" என்று திரையை நகத்தால் தொட்டாள்.
பக்கத்தில் மகள், கையில் வேகவைத்த சோளம்.
படத்திலும் சோளம்தான்.

அவனைச் சுற்றி வரைந்து முடித்ததும்
எறும்புகள் கிளம்பின:
தொப்பி, காது, தோள், வாட்ச்.
ஷிஃப்ட், எஃப் ஃபைவ்.
அக்கம்பக்கம் பார்த்து அதுவே நிரப்பிக்கொள்ளும் வழி.
பார்த்தது. நிரப்பியது.
மருமகன் நின்ற இடத்தில் அரைக் குரங்கு.
வால் மட்டும் முழுசாக.

பவுன்தாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டே வந்தாள்.
"இதுவே இருக்கட்டும்மா."
மகள் சிரித்த சிரிப்பில்
கீபோர்டெல்லாம் சோளம்.

கன்ட்ரோல் இசட். திரும்ப வந்துவிட்டான்.
இருபது தடவை வரை யாரும் திரும்ப வரலாம் இங்கே.
மகள் சிரிப்பதை நிறுத்தினாள்.
"வெள்ளையா விட்டுடுங்க அக்கா."

வெள்ளை ஒட்டாது.
மஞ்சு வெள்ளையில்லை என்பது
இந்த ஊரில் எனக்கும் பிரிண்டருக்கும்தான் தெரியும்.
ஐ தட்டி, அவள் தோளோரத்தில் தொட்டு எடுத்தேன்:
இருநூற்று முப்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பது.
நீலம் கொஞ்சம் கூடுதல்.
ஆல்ட், பேக்ஸ்பேஸ்.
அவன் நின்ற இடத்தில் வானிலை.

இரண்டு காப்பி. லேமினேஷன் வேண்டாம்,
வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
கதவருகே போன மகள் திரும்பி
திரையைக் காட்டிக் கேட்டாள்,
"அந்த எறும்பு பிரிண்டுல வராதுல்ல?"
வராது என்றேன்.

கன்ட்ரோல் டி. ஒரு தட்டு, கலைந்துவிடும்.
தட்டவில்லை.
யாருமில்லாத ஓர் ஆளைச் சுற்றி
அவை போய்க்கொண்டிருக்க,
அடுத்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து
காலரை இழுத்துவிட்டார்.
எட்டு காப்பி.