கட்டைவிரல்

நெவேனாவுக்கு முப்பத்தொரு அறைகள்.
எல்லாம் நான் கட்டிக் கொடுத்தவை.
கட்டி என்றா சொன்னேன்? அடுக்கி.
உலாவியில் ஓடும் சின்னச் செயலி அது.
படத்தை இழுத்துப் போட்டால்
தானே போய்த் தன் உறைக்குள் உட்காரும்:
நீதிமன்றம், வங்கி, மருத்துவமனை,
'தலைவலி நாள்' என்று அவளே பெயரிட்ட ஒன்று.

வெளிச்சம் கூட்டலாம். ஓரம் நறுக்கலாம்.
படத்து மூலையில் வாடி நிற்கும் செடியைத்
துடைத்தெடுத்துவிட்டு
அங்கே எதுவும் இருந்ததே இல்லை என்பதுபோல
இடத்தை மூடிவிடலாம்.
அந்தக் கடைசி வசதியில்
எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ப்லோவ்டிவில் பிப்ரவரி.
பழைய புகையிலைக் கிடங்குக்கு எதிரே நான்காம் மாடி,
வெந்நீர்க் குழாய் கடகடக்கும் சமையலறை.
அவள் வேலை சைகைமொழி பெயர்ப்பு.
முதுகுக்குப் பின்னால் உள்ளபடி இருப்பவை
காயாத காலுறைகள்,
குடைமிளகாய் விழுது ஒன்பது போத்தல்,
காற்றுப்போன சைக்கிள் சக்கரம்,
அப்புறம் நான், ரொட்டி எடுக்கத் தவழ்ந்தபடி.
உண்மையைச் சொன்னால்
நிமிர்ந்து நடக்க ஆசைப்பட்டுத்தான்
இந்தச் செயலியையே எழுதினேன்.
(அப்படியும் சில நேரம்
என் காது மட்டும் சுவரில் முளைக்கும் என்பாள்.)

அன்று பதினேழாம் படம்.
வெளிர்நீலச் சுவர், மேசைமேல்
கண்ணாடிக் குவளையில் ஒற்றை வெள்ளை அல்லி.
ஒரு சதுரத்தில் மருத்துவர்.
இன்னொன்றில் வெலிஸார், இரும்பு பற்றவைப்பவர்,
பிறந்தது முதல் காது கேளாதவர்.
நாளைக்கு மூன்று வேளை, என்றார் மருத்துவர்.
நெவேனா கை உயர்த்தினாள்:
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்.

கட்டைவிரலை அல்லி தின்றுவிட்டது.

எது ஆள் எது சுவர் என்று
நொடிக்கு முப்பது தடவை தீர்ப்புச் சொல்லும் ஒரு கணக்கு
அதைச் சுவர் என்று நினைத்துவிட்டது, அவ்வளவுதான்.
கணக்கு என்னுடையது அல்ல,
அழைப்பு நிறுவனத்துடையது;
படம் மட்டுமே நான் தந்தது.
இதை அன்று மாலைக்குள் அவளிடம்
மூன்று முறை சொல்லியிருப்பேன்.
அல்லது இரண்டு.

வெலிஸார் இரண்டு கைகளையும் வீசி நிறுத்தச் சொன்னார்.
இரண்டா, மூன்றா?
அவள் மறுபடி காட்டினாள். மறுபடி இரண்டு.
உன் கை பூவுக்குள் போய்ப் போய் வருகிறது, என்றார்,
தீப்பொறித் தழும்பு ஏறிய விரல்களால்.
எடு அதை.

எடுக்க ஒரு பொத்தான் உண்டு.
வரிசையில் முதலாவது, யாரும் தொடாதது,
அதன் பெயர் 'ஒன்றுமில்லை.'
அழுத்தினாள்.

ஒன்றுமில்லை என்றதும்
ஒன்பது போத்தலும் வந்துவிட்டன.
காலுறைகள் வந்தன, சக்கரம் வந்தது,
தூங்கும் சட்டையோடு, வாயில் ரொட்டியோடு
நானும் வந்தேன்.
மருத்துவர் காலுறைகளையே பார்த்தார்.
அவள் கை உயர்ந்தது.
போத்தல்களுக்கு முன்னால், நகம் கடித்த
முழுக் கட்டைவிரல்.

மூன்று, என்றார் வெலிஸார். தலையை அசைத்தார்.
பிறகு வேறென்னவோ சொன்னார், என் பக்கம் காட்டி.
நெவேனா மூக்கால் சிரித்தாள்.
மருத்துவருக்கு அதை அவள் பெயர்க்கவில்லை.
எனக்கும்தான்.

முப்பத்தொரு அறைகளும் அப்படியே இருக்கின்றன,
தூசி படிய வழியில்லாத உறைகளில்.
தொண்ணூறு நாளாகத் தொடவில்லை, அழிக்கலாமா என்று
என் செயலியே அவளை மரியாதையாகக் கேட்கிறது.
'பிறகு' என்பதை அழுத்துகிறாள்.
நான் மீண்டும் தவழ ஆரம்பித்தாயிற்று.

இன்று காலை நீதிமன்ற அழைப்பு.
நீதிபதி காகிதம் புரட்டிய இடைவெளியில்
கேமராவுக்கு எட்டாத மேசையடியில்
எனக்கென்று ஒரு கை இறங்கி வந்தது:
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்.
மூன்று நிமிடமா? மூன்று துண்டா?
அந்த மொழி எனக்கு இன்னும் வசப்படவில்லை.
தரையில் இருந்தபடியே கை நீட்டி
மூன்று துண்டு ரொட்டியை வாட்டப் போட்டேன்.