நாலடிக் காற்று

கடலுக்குள் இருக்கும்வரை நண்டு ஒட்டாவாவுக்குச் சொந்தம்.
எந்தக் கட்டத்தில் பிடிக்கலாம், எந்தத் தேதிவரை,
யாருக்கு எத்தனை பவுண்டு பங்கு,
ஓடு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும்,
எல்லாம் அங்கிருந்து வரும் தாளில்.

துறைமேடையில் இறங்கிவிட்டால்
செயின்ட் ஜான்ஸுக்குச் சொந்தம்.
யார் வாங்கலாம், எந்த ஆலை வேகவைக்கலாம்,
என்ன விலை.
வேறு தாள், வேறு முத்திரை.

நான் எடை பார்ப்பவன்.
நியூஃபவுண்ட்லாந்து வடகரையில், கெஸ்ட்ரல் டிக்கிள் துறையில்
பதினேழு பருவமாக ஒரே தராசு.
மேசையில் இரண்டு பேனா வைத்திருப்பது
ஒன்று குளிரில் உறைந்துபோகும் என்பதால்தான்.
லொரெட்டா டல்க் விடமாட்டாள்:
"மத்திக்கு நீலம், மாகாணத்துக்குக் கறுப்பா?"

அன்று விலை முடிவாகிவிட்டது என்று நம்பித்தான்
இரவோடு இரவாகப் போனாள்.
அவள் திரும்புவதற்குள் அந்த விலை முறிந்தது.
ஆலையிலிருந்து கார்ஃபீல்ட் நோஸ்வர்த்தி அழைத்தான்:
"இறக்காதே. வாங்க ஆளில்லை."
அதற்குள் டெர்மட் பாரந்தூக்கியை இயக்கியிருந்தான்.
முதல் கூடை படகின் விளிம்பைத் தாண்டி
மேடையைத் தொடாமல் நின்றது.
நடுவில் நாலடிக் காற்று.

மத்திய மீன்வள அதிகாரி சொன்னார்:
"பிடித்தது பிடித்ததுதான். கொட்டினால் குற்றம்.
இறக்கு, எடை போடு."
மாகாண ஆய்வாளர் சொன்னார்:
"உரிமம் உள்ளவன் வாங்காமல்
ஒரு கால்கூட இந்தப் பலகையில் படக்கூடாது."
இருவர் கையிலும் சட்டம் இருந்தது.
இருவரும் பொய் சொல்லவில்லை.
அதுதான் கஷ்டம்.

கூடையிலிருந்து நீர் சொட்டியது.
பாதி கடலில், பாதி பலகையில்.
நண்டுகள் ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு
யாரையோ எண்ணுவதுபோல் கொடுக்கை விரித்து மூடின.

இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போகலாம்.
ஒன்பது பேர் உட்கார்ந்து
கடல் எங்கே முடிகிறது என்று
ஆறு வருடம் யோசிக்கலாம்.
வெயில் ஏறினால் நண்டுக்கு ஆறு மணி நேரம்.
செத்த நண்டை எந்த ஆலையும் தொடாது,
எந்த அரசும் கேட்காது.

நாற்பது நிமிடம் ஆயிற்று.
டெர்மட்டுக்குக் கை விறைத்துவிட்டது.
லொரெட்டா யாரையும் பார்க்கவில்லை,
கூடையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.
படகுக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி.

என்னிடம் கொக்கித் தராசு ஒன்று உண்டு.
யாரும் கேட்காமலே எடுத்துப் போனேன்.
பாரந்தூக்கியின் சங்கிலிக்கும் கூடைக்கும் இடையே
அதை மாட்டச் சொன்னேன்.
முள் ஆடி ஆடி நின்றது:
தொண்ணூற்றாறு பவுண்டு.

இரண்டு தாளிலும் எழுதினேன்,
ஒரே பேனாவால்.
தேதி, படகின் எண், எடை.
"இறங்கிய இடம்" என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா நின்றது.
உறையவில்லை.

அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டேன்.
மூன்று வாரத்தில் இரண்டு தாளும் திரும்பி வந்தன,
இரு வேறு நகரங்களிலிருந்து,
ஒரே வாக்கியத்தோடு:
இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.

லொரெட்டா அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.
விருந்தாளிகளிடம் காட்டுவாள்,
சிரிக்காமல்.