முழு நஷ்டம்

துருவமான் மோதிய கார்களைப்
படம் பிடிப்பது என் உத்தியோகம்.
கெமியார்வியிலிருந்து வடக்கே எல்லைவரை
நொறுங்கிய முகப்புகள் எல்லாம் என் கணக்கு.
ஒட்டிய மயிரோடு ஒரு படம்,
அளவுகோல் வைத்து ஒரு படம்.
பிறகு வகுத்தல்:
பழுதுபார்க்கும் செலவு மேலே,
வண்டியின் விலை கீழே.
எழுபது விழுக்காடு தாண்டினால்
முழு நஷ்டம் என்று முத்திரை.
அழுதவர்கள் உண்டு.
என்னைப் பிணந்தின்னிக் காகம் என்றவர் ஒருவர்.
வகுத்தலுக்குக் காது கிடையாது என்பேன்.

பிப்ரவரி நான்காம் தேதி
உடைசல் வண்டிகள் நிற்கும் முற்றத்தில்
பனிக்கட்டி காலை வாரியது.
நான் இடுப்பு அடிபட விழுந்தேன்,
லென்ஸ் முகங்குப்புற.

கண்ணாடியில் கீறல் இல்லை.
காதருகே வைத்து ஆட்டினால்
டப்பாவின் அடியில் மிஞ்சிய பருப்புபோல
உள்ளே ஏதோ ஒன்று.
ஃபோகஸ் வளையம் பாதி தூரம் போய்
எதற்கு வந்தோம் என்று மறந்ததுபோல் நிற்கிறது.
கிடங்கின் விறகடுக்கை எடுத்துப் பார்த்தேன்.
இடப்பக்கம், கட்டைகளின் வளையங்களை எண்ணலாம்.
வலப்பக்கம் கஞ்சி.

ஔலு நகரத்து உர்போ ஹில்துனென்
ஒன்பது நாள் வைத்திருந்து எழுதினார்:
உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது.
அதற்கு உதிரிபாகம் இப்போது செய்வதில்லை.
செத்த லென்ஸ் ஒன்றிலிருந்து எடுத்துப் போடலாம்,
முந்நூற்று நாற்பது யூரோ.
பழையபடி ஆகும் என்று சொல்லமாட்டேன்.
இதே லென்ஸ், யாரோ கைமாற்றியது,
இருநூற்றுத் தொண்ணூறுக்குக் கிடைக்கிறது.
யோசித்துச் சொல்லுங்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
நூற்றுப் பதினேழு விழுக்காடு.
பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும் விடையை
மூன்று வாரமாகச் சொல்லாமல்
லென்ஸைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

சேதத்தை இடப்பக்கம் நிறுத்தியே எடுத்தேன்.
வலப்பக்கம் வந்ததெல்லாம் கரைந்தது:
பைன் மரங்கள், இழுவை வண்டி,
தன் வேனை விட்டுக்கொடுக்காமல்
பம்பரைக் கயிற்றால் கட்டி
வீட்டுக்கே ஓட்டிப்போன இங்கா மாரெத்.
"எவ்வளவு போட்டாய்?" என்றாள்.
எழுபத்தொன்று என்றேன்.
"அப்போது, ஒரே ஒரு விழுக்காட்டுக்கா?"
ஹெட்லைட் விலையைக் கொஞ்சம்
குறைத்துப் போட்டிருக்கலாம்.
போடவில்லை.
அவள் சிரித்தாளா, பல்லைக் கடித்தாளா,
படத்தில் தெரியவில்லை.

இன்று காலை அதே முற்றத்தில்,
பாதி பானட் மட்டும் மிஞ்சிய வோல்வோ ஒன்றின்மேல்
படிவத்தை விரித்தேன், இம்முறை எனக்காக.
பேனா உறைந்துபோயிருந்தது. பென்சில்.
பொருள்: லென்ஸ். வயது: பதினொன்று.
விபத்துக்குக் காரணம்: உரிமையாளர்.
முடிவு என்ற கட்டத்தைத் தாண்டிக் கீழே போனேன்.
கடைசி வரி கேட்டது:
சேதமடைந்த பொருளின் புகைப்படம் இணைக்கவும்.

இருபத்தெட்டு டிகிரி உறைகுளிரில்
போன் பையிலேயே அணைந்துவிட்டது.
இருப்பது இந்தக் கேமரா ஒன்றுதான்.
வோல்வோவில் பக்கக் கண்ணாடி மட்டும்
எப்படியோ பிழைத்திருந்தது.
வளையம் திரும்பாததால்
முட்டிபோட்டு நானே முன்னும் பின்னும் நகர்ந்து
ஃபோகஸ் பிடித்து
அதை அதனாலேயே எடுத்தேன்.

நடுவில் லென்ஸ்,
உறை பிரித்த அன்றுபோல் துல்லியமாக.
ஓரத்தில் என் தோளும் பாதி முகமும்
கஞ்சி.

வேறு யாராவது அனுப்பியிருந்தால்
ஒரு வரி எழுதித் திருப்பியிருப்பேன்:
பொருளில் சேதம் தெரியவில்லை,
மறுபடி எடுத்து அனுப்பவும்.

உர்போவைக் கூப்பிட வேண்டும்.
முதலில் போன் சூடாக வேண்டும்.