வெறுங்கை முழம்

ஏழு ஆட்டின், ரெண்டு கிளாவர்.
இந்த ஆட்டத்தில் இதைவிட மட்டமான கை கிடையாது.
ரம்மியாக இருந்தால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு
டீ போட எழுந்து போயிருப்பேன்.

செவ்வாய் இரவு, ரெஜைனா, வெளியே மைனஸ் முப்பத்து நாலு.
எனக்கு முன்னால் எல்லோரும் வரிசையாகச் சீட்டைத் தள்ளிவிட்டார்கள்.
தொப்பிக்காரப் பையன்கூட.
காதில் பாட்டு, ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி,
சதவீதக் கணக்கெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.
யோசிக்கவில்லை. பதினைந்து டாலர் என்றேன்.

என்னை இங்கே கேவி என்பார்கள்.
கனகவல்லி அவர்கள் வாய்க்குள் நுழையாது.
நாற்பத்தாறு வயது, ஸ்வெட்டர்,
மூக்குக்கண்ணாடிக்குச் சங்கிலி,
மணிக்கொரு தரம் ஒரு கப் வெந்நீர்.
இப்படி ஒருத்தி கையில் ஒன்றுமில்லாமல்
காசை எடுத்து வெளியே வைப்பாளா?
வைக்கமாட்டாள்.
மூன்று வருஷமாக இந்த மேஜையில்
எனக்கு வந்த ஒரே நல்ல சீட்டு அதுதான்.

ஓரெஸ்ட் மட்டும் கூட வந்தார்,
தாடியைத் தடவிக்கொண்டு.

லோரெய்ன் மூன்று சீட்டை விரித்தாள்.
இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒன்பது, டைமன் நாலு.
எனக்கு அதில் உறவென்று யாருமில்லை.
முப்பது வைத்தேன். ஓரெஸ்ட் முப்பது.
நாலாவது, டைமன் மூன்று.
எழுபது. எழுபது.

இந்த மனிதரின் நிலம் எனக்குத் தெரியும்.
பயிர்க் காப்பீட்டில் எனக்கு வேலை;
ஆலங்கட்டி அடித்ததாக வரும் கணக்குகளில்
பொய்யைப் பிடிக்கத்தான் சம்பளம்.
இரண்டு கோடைக்கு முன் இவருடைய
இடுப்பளவு கனோலாவுக்குள் இறங்கி
தண்டு தண்டாக எண்ணினேன்.
படிவத்தில் நாற்பது சதவீதம் சேதம் என்று எழுதியிருந்தார்.
அறுபது போயிருந்தது.
தன் நஷ்டத்தைக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாதவர்.
அவருக்கு என்னை நினைவில்லை.
அன்று ரப்பர் பூட்ஸும் கொசுவலைத் தொப்பியும் போட்டிருந்தேன்.

கடைசிச் சீட்டு, இஸ்பேட் ஆறு.
மேஜையில் இப்போது மூன்று இஸ்பேட்.
மிச்சச் சில்லுகளை இரண்டு கையாலும் தள்ளினேன்,
இருநூற்று நாற்பது.
பூக்காரி முழங்கையை நீட்டி அளப்பாளே,
அப்படித் தாராளமாக.
பூ மட்டும் இல்லை.

ஓரெஸ்ட் என்னைப் பார்த்தார்.
என் கழுத்தில் ஒரு நரம்பு துடிக்கும், எனக்கே தெரியும்.
வெந்நீரைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.
பையன் காதிலிருந்து ஒரு பக்கத்துப் பாட்டைக் கழற்றினான்.
ரொம்ப நேரம்.
பிறகு ராஜாவையும் ஜாக்கியையும் நிமிர்த்திக் காட்டிவிட்டு
லோரெய்ன் பக்கம் நகர்த்தினார்.
"இஸ்பேட் சேர்ந்துடுச்சு, இல்ல?"
தலையை ஆட்டினேன்.

பந்தயம் பொய்யில்லை.
விலை சொன்னேன், வேண்டாம் என்றார்,
அது வியாபாரம்.
தலையை எதற்கு ஆட்டினேன்?
அதற்குள் பணம் என் பக்கம் வந்தாகிவிட்டது.
ஏழும் ரெண்டும் முகம் கவிழ்ந்து
மற்ற ஐம்பது சீட்டோடு கலந்துவிட்டன.
இனி கடவுளே கேட்டாலும் லோரெய்னால் எடுத்துத் தர முடியாது.

பன்னிரண்டரைக்கு, கார் நிறுத்தத்தில்,
என் வண்டியின் ஹீட்டர் ஒயரைக் கம்பத்திலிருந்து பிடுங்கினேன்.
பக்கத்தில் ஒரு பிக்கப் இருமி இருமி அடங்கியது.
ஓரெஸ்ட்.
கேபிளை நான்தான் எடுத்து வந்தேன்.
அவர் பேட்டரிக்கும் என் பேட்டரிக்கும் நடுவே
சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று.
என் எஞ்சின் ஓட ஓட
இரண்டு பேரும் புகை விட்டுக்கொண்டு நின்றோம்.

"ஏழும் ரெண்டும்" என்றேன்.
"என்ன?"
"என் கையில இருந்தது. ஏழு ஆட்டின், ரெண்டு கிளாவர்.
இஸ்பேட் ஒண்ணுகூட இல்ல."

ஓரெஸ்ட் சிரித்தார். தாடியிலிருந்து பனி உதிர்ந்தது.
"போ கேவி. ஒரு கிழவன்
ராத்திரி தூங்கக் கூடாது உனக்கு, அதானே?"
ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.
முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.